மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையைக் கதையில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்வயதுப் பாத்திரத்துக்கு மனச்சோர்வு என்று காட்ட வேண்டுமா? விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்து அழ வைத்துவிடுகிறோம். அப்படி அழுகிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் அந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே தெரியும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, சோகமான மனநிலை என்று குறிப்பிடும் இடத்தில், சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் எரிச்சலையும் அறிகுறியாக ஏற்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் சீறுவது, நெருங்கிய தோழியிடமே வெடுக்கென்று பேசுவது, உயிராக நேசித்த விளையாட்டை ‘போர் அடிக்குது’ என்று விட்டுவிடுவது, காலையில் எழுந்திருக்கவே முடியாமல் போவது, காரணம் பிடிபடாத வயிற்றுவலி. வீட்டில் இதற்குத் திமிர், சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அம்மாவும் கெட்டவரில்லை, பிள்ளையும் கெட்டதில்லை. ஆனாலும் தினமும் ஒருவரை ஒருவர் காயப்படுத்திக்கொள்கிறார்கள். ஒரு நாவலுக்கு வேண்டிய மோதல் இங்கேயே இருக்கும்போது அதை விட்டுவிட்டு மழையை வர்ணிக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

தனியாக இருப்பதையும் தனிமையில் வாடுவதையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. ஒதுங்கிப் படித்துக்கொண்டிருக்கிற பையன் நிம்மதியாக இருக்கலாம். பத்துப் பேரோடு சிரித்துக்கொண்டிருக்கும் பெண், தன்னை அதில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். எழுதுவதற்குக் கடினமானவள் இவள்தான், எழுத வேண்டியவளும் இவள்தான்.

காரணம் தேடும் அவசரமும் கதையைக் கெடுக்கும். காதல் தோல்வி, தேர்வில் தோல்வி என்று ஒரே ஒரு சம்பவத்தை வைத்துவிட்டால் கதை சொல்ல வசதிதான். ஆனால் பரம்பரை, நீண்டகால மன அழுத்தம், கேலி, தூக்கமின்மை எனப் பலதும் சேர்ந்தே இந்த நோயை உண்டாக்குகின்றன. எந்தக் காரணமும் கண்ணுக்குத் தெரியாமலும் அது வரும்.

அப்புறம், காதல் வந்ததும் குணமாகிவிடுவது. ஒருவருடைய அன்பு பெரிய துணை, சந்தேகமில்லை. ஆனால் அதையே சிகிச்சையாக எழுதினால், நண்பனைக் காப்பாற்ற முடியாமல் போன வாசகர் தன் அன்பு போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். மருந்து முழுதாக வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். ஆலோசனையும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நீளும். நடுவில் நல்ல நாள் வரும், மறுபடி சரியும். அந்த மெதுவான நடையைக் கதையிலும் விட்டுவைக்கலாமே.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, தற்கொலையை ஒரு பதிலடியாக எழுதுவது. அந்தப் பிள்ளை இறந்த பிறகு எல்லோரும் வருந்துகிறார்கள், தவறு செய்தவர்கள் தலைகுனிகிறார்கள், கடைசியில் அதன் குரல் கேட்கப்படுகிறது. உண்மையில் அந்த வருத்தத்தைப் பார்க்க அது இருக்காது. நெட்ஃப்ளிக்ஸ் 2017ல் வெளியிட்ட ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ தொடரில் நாயகியின் தற்கொலை விரிவாகக் காட்டப்பட்டது. பலத்த எதிர்ப்புக்கும் மருத்துவர்களின் ஆலோசனைக்கும் பிறகு, 2019 ஜூலையில் நிறுவனமே அந்தக் காட்சியை நீக்கியது. வழிமுறையை விவரிக்காமல் இருப்பதுதான் இதில் முதல் கட்டுப்பாடு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நெருக்கடியில் சிக்கியும் தற்கொலை எண்ணத்தைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்கும் தற்கொலைகள் குறைவதற்கும் தொடர்பு இருப்பதை, ஆஸ்திரியாவில் நடந்து 2010ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் ‘மேஜிக் ஃப்ளூட்’ இசைநாடகத்தில் சாகத் துணியும் பாப்பகேனோவுக்கு வேறு வழியை நினைவூட்டுவது மூன்று சிறுவர்கள். கடந்து வந்தவர்களின் கதை உயிர் காக்கும் இந்த விளைவுக்கு, ‘பாப்பகேனோ விளைவு’ என்று அவன் பெயரையே வைத்தார்கள்.

நம் கதைகளிலோ, ‘யாரிடமும் சொல்லாதே’ என்று சத்தியம் வாங்கினால் நண்பன் கடைசிவரை வாய் திறப்பதில்லை. அதை விசுவாசம் என்று கொண்டாட வேண்டாம். ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ என்று அவன் நேராகவே கேட்கட்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆமாம் என்று பதில் வந்தால், நட்பே முறிந்தாலும் பரவாயில்லை என்று நம்பகமான ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்லட்டும். அந்தப் பெரியவர் முதல்முறை அலட்சியம் செய்தால், இன்னொருவரிடம் போகட்டும்.