ஜெர்மனியில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு: முதல் பயணம், படிப்படியாக

எங்கள் மகள் ஆஹன் நகரில் முதுகலை படிக்கிறாள். 2025 மே மாதம் நானும் என் கணவரும் அங்கே போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தோம். எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். வந்த நாளிலிருந்து அக்கம்பக்கத்துப் பெற்றோர் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். ஆளுக்கொரு தடவை சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

படி 1: மாதத்தைப் பிள்ளையிடம் கேளுங்கள்

அங்கே கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை நடுவில் முடியும். குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை. வகுப்பு முடிந்த கையோடு தேர்வுகள் வரிசை கட்டும். "ஜூலையில் லீவுதானே?" என்று நாமாக முடிவு செய்து போய் இறங்கினால், பிள்ளை நூலகத்தில் இருக்கும், நாம் ஜன்னலோரம் இருப்போம். எங்களுக்கு மே மாதம் சரியாக அமைந்தது. வகுப்பு உண்டு, தேர்வு இல்லை, குளிரும் ஒரு ஸ்வெட்டரோடு போய்விடும்.

படி 2: செலவுக்கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான். "பிள்ளை அழைப்புக் கடிதம் அனுப்பினால் போதாதா?" என்பார்கள். கடிதம் வேண்டும்தான், ஆனால் அதில் பணபலம் இல்லை. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்க விடும் வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டு, மாதம் 992 யூரோ எடுத்துச் சாப்பிடுகிறவர்கள். அந்தப் பணத்தில் இரண்டு பேரை ஒரு மாதம் தாங்குவார்கள் என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார். எனவே உங்கள் வங்கிக் கணக்கு, வருமானவரிக் கணக்கு, ஓய்வூதியப் புத்தகம் இவைதாம் பேச வேண்டும்.

நான் செய்த தவறு ஒன்று. கணக்கு கனமாகத் தெரியட்டும் என்று விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு வைப்புநிதியை உடைத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டேன். திடீரென்று வந்து விழுந்த தொகை யாரிடமோ கைமாற்று வாங்கியது போலத் தெரியும் என்று பிறகுதான் உறைத்தது. வைப்புநிதி முடித்த ரசீதை வாங்கி இணைத்துச் சமாளித்தேன், வட்டி போனது போனதுதான். வைப்புநிதியை அப்படியே விட்டுவிட்டு அதன் சான்றிதழைக் காட்டினாலே போதும்.

ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள் என்று காட்டும் காகிதமும் வேண்டும்: வீட்டுப் பத்திர நகல், வேலையில் இருந்தால் விடுப்பு ஆணை.

படி 3: இனிஷியலைச் சரிபாருங்கள்

இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் தாத்தாவின் பெயர். என் பாஸ்போர்ட்டில் அந்த இடமே காலி. மகளின் பிறப்புச் சான்றிதழிலோ நாங்கள் இருவரும் ஒற்றை எழுத்து இனிஷியலோடு நிற்கிறோம். நம் கண்ணுக்கு இது ஒரே குடும்பம். நம் பெயர் முறை தெரியாதவருக்கு நாலு குடும்பம்.

நான் செய்தது இதுதான். எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் நிரப்பினேன். மகளின் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் இருக்கிறதல்லவா, அதன் நகலை உறவுக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழோடு வைத்தேன். "இனிஷியல் என்பது தந்தை பெயரின் முதல் எழுத்து, இந்த ஆவணங்களில் உள்ளவர் ஒருவரே" என்று நாலு வரியில் ஒரு விளக்கக் கடிதமும் எழுதினேன். இந்தக் கடிதத்தை யாரும் கேட்கவில்லை. வைத்ததில் எனக்கு நிம்மதி.

படி 4: விசா

உங்களுக்குத் தேவை குறுகிய கால ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது முன்பு கொடுத்தாக வேண்டும். கோடைக்கு முன் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே கடினம், மூன்று மாதம் முன்பே பாருங்கள். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. கைரேகைக்காக நேரில் போக வேண்டும். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும்.

பிள்ளையிடமிருந்து வர வேண்டியவை: கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் நகல், வசிப்பிட அனுமதி அட்டையின் நகல், பல்கலைக்கழகப் பதிவுச் சான்றிதழ். விமான டிக்கெட்டுக்கு முன்பதிவுத் தாள் போதும், விசா வருமுன் முழுப்பணம் கட்டாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி அந்தத் திட்டம் என்ன சொல்கிறது என்று பொடி எழுத்தையும் படியுங்கள்.

படி 5: எங்கே தங்குவது

"பிள்ளையின் அறையிலேயே ஒரு பாயை விரித்துக்கொள்கிறோம்" என்று நானும் சொன்னேன். மாணவர் விடுதி அறையில் கட்டில், மேசை, அலமாரி போக மிஞ்சுவது நடக்கும் வழி மட்டும். விருந்தினர் இரவு தங்க விதிகள் உண்டு, சமையலறையும் பொது. விதியை மீறினால் பேச்சு கேட்பது பிள்ளை. நாங்கள் நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறு வீட்டை மாத வாடகைக்கு எடுத்தோம். இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் கட்சி.

படி 6: பெட்டி கட்டுவது

முதலில் வராதவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடக்கம். மகளுக்காக வெண்ணெய் உருக்கி, முருங்கைக்கீரை போட்டு இறக்கி, மணல் மணலாக உறைய வைத்த நெய். புறப்படும் நாள் காலை அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், கருவாடு கொண்டுபோகலாம், 20 கிலோ வரை! பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொல்வார் என்பது உங்கள் பாடு.

பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தாவரங்களுக்கும் பழங்களுக்கும் நோயில்லை என்ற சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்கு மட்டும் விலக்கு. கொப்பரையை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. துபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம், அங்கே அது போதைப்பொருள் கணக்கு.

கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்புத் தொக்கு, முறுக்கு இவை எங்களோடு சிக்கலில்லாமல் வந்தன. தொக்கை இரண்டு உறைக்குள் போட்டுச் சரக்குப் பெட்டியில் வையுங்கள். அரிசி, பருப்பு, உளுந்து சுமக்க வேண்டாம். ஊர் ஊருக்கு ஆசியக் கடைகள் உண்டு, பலவற்றை நடத்துகிறவர்கள் ஈழத்தமிழர்கள். "வாங்கோ" என்று ஒரு குரல் கேட்டதும் என் கணவர் அரை மணி நேரம் நகரவில்லை.

மிக்சி கொண்டுபோனால் மின்னழுத்தம் ஒத்துப்போகும், மூன்று முனை பிளக் பொருந்தாது. மாற்றுப் பிளக்கை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மாத்திரைகள் மொத்தமும் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. சீட்டில் மருந்தின் வேதிப்பெயரும் எழுதி வாங்குங்கள், நம் ஊர் வணிகப்பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

படி 7: விமான நிலையம்

நீண்ட தூரம் நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். கூச்சம் வேண்டாம், கட்டணம் இல்லை.

குடிநுழைவில் கேட்டது மூன்றே கேள்வி: எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். ஆங்கிலம் தடுமாறும் என்பதால் மகள் இதற்கான பதிலையும் முகவரியையும் தன் தொலைபேசி எண்ணையும் ஜெர்மன் மொழியில் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தாள். அதை நீட்டினேன். அதிகாரி படித்தார், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார், முத்திரை குத்தினார். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது, வரிசையில் கொஞ்சம் கூடுதலாக நிற்க நேரலாம்.

படி 8: அங்கே இருக்கும்போது

நாங்கள் இறங்கியது மே 1. கடைகள் அத்தனையும் பூட்டு. ஞாயிறும் அப்படித்தான். மகளிடம் இருந்த அரிசியும் பெட்டியில் இருந்த தொக்கும்தான் அன்றைய சாப்பாடு. இரவு பத்துக்கு மேல் மிக்சி ஓட்டக் கூடாது. மே மாதக் கடைசியில் ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஜன்னலைப் பார்த்து உலை வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

ஊர் சுற்ற டாய்ச்லாந்து டிக்கெட் எடுங்கள். அப்போது மாதம் 58 யூரோ, 2026 ஜனவரி முதல் 63. நாடு முழுக்க நகரப் பேருந்திலும் வட்டார ரயிலிலும் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. இது மாதாமாதம் தானே புதுப்பிக்கும் சந்தா. அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் பிள்ளையின் கணக்கிலிருந்து போய்விடும்.

அந்த டிக்கெட்டிலேயே ஆஹனில் ஏறி, ஒரே ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஹம் நகரம் போனோம். ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்மன் கோயில் அங்கே இருக்கிறது. தொழிற்சாலைக் கொட்டகைகளுக்கு நடுவே திடீரென்று கோபுரம் எழுந்து நிற்கிறது. வகுப்புக்கு விடுப்புப் போட்டு எங்களோடு வந்த மகள் உள்ளே போனதும் கேட்டது, "அம்மா, பொங்கல் எப்போது கொடுப்பார்கள்?"

படி 9: திரும்பிய பிறகு

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் போய்வந்த இந்தியர்களுக்கு, இரண்டாண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா கிடைக்க வழி செய்யும் விதி 2024 ஏப்ரலில் வந்திருக்கிறது. எங்களுக்கு ஒன்று ஆயிற்று. அடுத்தது பட்டமளிப்புக்கு.