டிஷ்ஷா, கேபிளா? முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

நாகர்கோவில் வடசேரியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கேபிள் லைனில் நாலு வருஷம், டிஷ் மாட்டுவதில் ஆறு வருஷம். அதனால் வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுவார்கள்: "அண்ணாச்சி, புது வீட்டுக்குப் போறோம். டிஷ் போடவா, கேபிள் எடுக்கவா?" மாசம் எவ்வளவு ஆகும் என்பது அடுத்த கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க வீட்டுக்குக் கிழக்கே என்ன நிக்குது?"

காரணம் இருக்கிறது. செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே வரிசையாக நிற்கின்றன. சன் டைரக்டும் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷும் பார்ப்பது, தீர்க்கரேகைக் கணக்கில் 93.5 டிகிரி கிழக்கில் இருப்பதை. டாடா பிளே 83 டிகிரி, ஏர்டெல் 108.2. நம் ஊர் இருப்பது 77 டிகிரிச் சொச்சத்தில். ஆகவே இங்கே எல்லா டிஷ்ஷும் கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவில்தான் திரும்பி நிற்கும். எண் கூடக்கூட டிஷ் கிழக்கே சாயும், சிக்னல் வரும் உயரமும் இறங்கும். 83 டிகிரி கோள் நமக்கு ஏறக்குறைய உச்சிக்குப் பக்கம். 93.5 கிட்டத்தட்ட 69 டிகிரி உயரத்தில். 108.2 வெறும் 53 டிகிரியில். சென்னை, கோவைப் பக்கம் இதே டிஷ் இன்னும் கொஞ்சம் தெற்கே திரும்பும்.

இந்த எண்கள் எதற்கென்றால், தென்னை மரத்துக்கு. டிஷ் மட்டத்திலிருந்து பத்தடி உயரமாக ஒரு தென்னை நிற்கிறது என்று வையுங்கள். 108.2 டிகிரிக் கோளைப் பார்க்க வேண்டுமானால் அந்த மரம் டிஷ்ஷுக்கு எட்டடியாவது தள்ளி இருக்க வேண்டும். 93.5 என்றால் நாலடி போதும். மொட்டை மாடிக்குப் போய், போனில் திசைகாட்டியைத் திறந்து, கிழக்கிலிருந்து தென்கிழக்கைக் கொஞ்சம் தாண்டும் வரை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மரம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடி எல்லாம் கணக்கில் வரும். பக்கத்து வீட்டில் கம்பி மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தக் கம்பிக்கு அர்த்தம், அவர் இன்னொரு மாடி எடுக்கப்போகிறார் என்பது. பார்வதிபுரத்தில் நானே மாட்டிக்கொடுத்த ஒரு டிஷ்ஷை அப்படித்தான் எட்டு மாதத்தில் கழற்றி மாடிப்படிக் கூரைக்கு மேலே ஏற்றினேன்.

தென்னை ஓலை குறுக்கே வந்தால் படம் ஒரேயடியாகப் போகாது. காற்று அடிக்கும்போது மட்டும் கட்டம் கட்டமாக உடையும், குரல் விக்கும். வீட்டுக்காரர் பாக்ஸில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார். கடையில் அது ஒழுங்காக வேலை செய்யும்.

மழைக்கு வருவோம். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை. வீட்டு டிஷ்ஷுக்கு வருவது கேயூ பேண்ட் சிக்னல். அதன் அலை சிறியது, கனத்த மழைத்துளி அதை உறிஞ்சிவிடும். சாரலுக்கு ஒன்றும் ஆகாது. வானம் கறுத்துக் கொட்டினால் பத்துப் பதினைந்து நிமிஷம் படம் போகும், மழை தணிந்ததும் தானே வந்துவிடும். கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமில் நிற்கும் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் சி பேண்ட். அதன் அலை நீளம் அதிகம், மழை அதை லேசில் தொடாது. மழையில் கேபிள்தான் மேல் என்று சொல்வதெல்லாம் இதனால்தான்.

ஆனால் மழை என்றால் நமக்குக் கரண்டும் போகுமே. அங்கேதான் கேபிள் மாட்டிக்கொள்ளும். கோஆக்ஸியல் என்னும் செம்புக் கேபிள் வயரில் சிக்னல் போகப்போகத் தேயும் என்பதால் தெருவுக்குத் தெரு போஸ்ட்டில் ஆம்ப்ளிஃபையர் வைத்து ஏற்றிவிடுவார்கள். அதற்கு அந்தத் தெருவின் கரண்ட் வேண்டும். சித்தி வீட்டில் நல்ல இன்வெர்ட்டர் இருந்தது. கரண்ட் போனால் ஃபேன் ஓடும், டிவி எரியும், படம் மட்டும் வராது. கேபிள்காரரைச் சித்தி ஒரு வருஷம் திட்டினாள். போய்ப் பார்த்தால் ஆம்ப்ளிஃபையர் பெட்டி அடுத்த தெருவில், வேறு டிரான்ஸ்ஃபார்மர் லைனில் இருந்தது. அந்தத் தெருவில் ஃபியூஸ் போனாலும் சித்திக்கு சீரியல் போகும். டிஷ் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை, வீட்டு இன்வெர்ட்டர் ஒன்றே போதும்.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. இப்போது பல இடங்களில் கேபிள்காரர்களே வீடு வரை ஃபைபர் இழுத்து இன்டர்நெட்டும் டிவியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஃபைபர் வழியில் ஒளியைப் பிரிக்கும் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. கன்ட்ரோல் ரூமில் பேட்டரியும் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டரும் இருந்தால் தெரு இருட்டாக இருந்தாலும் படம் வரும். ஆகவே லைன்மேனிடம் கேட்க வேண்டிய கேள்வி: "ஃபைபர் எங்க வீடு வரைக்குமா, இல்ல போஸ்ட் வரைக்குமா?" போஸ்ட் வரைக்கும் என்றால் அது பழைய கதைதான்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது இரண்டின் பலவீனத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். மின்கம்பமும் ரப்பர் மரமும் விழுந்த பக்கமெல்லாம் கேபிள் வயரும் சேர்ந்து அறுந்து கிடந்தது. என்னுடன் லைனில் வேலை பார்த்தவர்கள் வாரக்கணக்கில் வயர் இழுத்தார்கள். டிஷ் வீடுகளில் பெரும்பாலும் டிஷ் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். கரண்ட் வந்தபிறகு ஒரு ஸ்பேனரோடு போனால் வீட்டுக்கு இருபது நிமிஷ வேலை. சுவரோடு பிய்த்துக்கொண்டு பறந்தவை தனிக்கணக்கு. அவை நாலில் மூன்று, செங்கல் இடுக்குச் சாந்தில் போல்ட் அடித்தவை. டிஷ் போடுவதென்று முடிவெடுத்தால் கான்கிரீட்டில்தான் போல்ட் இறங்க வேண்டும் என்று நின்று சொல்லுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் நட்டுக்கு கிரீஸ் தடவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் துரு ஏறி அடுத்த தடவை கழற்றவே முடியாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் இருந்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புது விதி நடைமுறைக்கு வந்தபிறகு டிஷ், கேபிள் இரண்டுக்கும் ஒரே கணக்கு: அடிப்படைக் கட்டணம், அதன்மேல் கட்டணச் சேனல்களின் விலை, மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றிருந்த வரம்பை 2024-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே பேக்கின் பெயரைக் கேட்டு ஏமாறாமல், வீட்டில் நிஜமாகப் பார்க்கும் சேனல்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வரியோடு சேர்த்து எவ்வளவு என்று இரண்டு பக்கமும் கேளுங்கள். எங்கள் வீட்டில் எழுதிப் பார்த்தபோது பதினொன்றுதான் வந்தது. இரண்டாவது டிவி இருந்தால் அதற்குத் தனியாக எவ்வளவு என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மாதப் பணம் எதுவும் கட்ட மனமில்லை என்றால் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஒருமுறை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்குவதோடு சரி. டிடி தமிழ் வரும், ஆனால் மாலை நேரத்து சீரியல் சேனல்களை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் ஆள். என் வீட்டு டிஷ்ஷுக்கு ஒருமுறை எல்என்பி, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் தலை, போனது. நானே மாற்றத் தெரிந்தவன், இருந்தாலும் உத்தரவாதம் இருக்கிறதே என்று கம்பெனிக்கு போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அழுத்தி, நாலாம் நாள் ஆள் வந்து வருகைக் கட்டணம் கேட்டார். கேபிளில் லைன்மேன் நம்பர் கையில் இருக்கும், சாயந்தரமே சைக்கிளில் வந்துவிடுவார், பாக்கி இருந்தாலும் பொறுப்பார். ஆனால் எங்கள் பழைய தெரு ஆபரேட்டர் ஒருவர் கிரிக்கெட் பைனல் அன்று போனை அணைத்து வைத்தவர். கேபிள் எடுக்குமுன் அதே தெருவில் மூன்று வீட்டில் விசாரியுங்கள்.

வாடகை வீடு என்றால், சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். காலி செய்தால் டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஆனால் ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொரு கம்பெனிக்கு உதவாது, பழைய விலைக்கும் யாரும் எடுக்கமாட்டார்கள். கேபிள் பாக்ஸை வழக்கமாக ஆபரேட்டரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எதை எடுத்தாலும் மாட்டும் அன்று பக்கத்தில் நில்லுங்கள். என் கையில் வரும் கோளாறுகளில் பாதி கனெக்டர்தான். திருகிக் கழற்றினால் உள்ளே செம்புக் கம்பியில் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கும், மழைத்தண்ணீர் வயர் வழியே ஊறி இறங்கியிருக்கும். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் வயரைக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கனெக்டருக்கு மேல் டேப் சுற்றச் சொல்லுங்கள். பாக்ஸ் மெனுவில் சிக்னல் குவாலிட்டி எத்தனை என்று பார்த்து போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், நாளைக்குக் கோளாறு வரும்போது ஒப்பிட உதவும். இடி இடித்தால் பாக்ஸின் பிளக்கையும் வெளி வயரையும் கழற்றிவிடுங்கள். இடிமழைக்கு மறுநாள் என் மேஜைக்கு வரும் டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் போனவைதான் அதிகம், டிஷ், கேபிள் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் ஏழெட்டு நாள், பகலில் சில நிமிஷம் படம் காரணமில்லாமல் மறையும். சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வருவதால் அப்படி. அதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

வருஷப் பேக் எடுத்தால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். ஒரு ஐப்பசி மழை கழியும் வரை மாதாமாதமே கட்டுங்கள்.