எச்.ஆர்.வி. எண்ணைச் சரியாகப் படிப்பது எப்படி

வாட்ச் நிமிடத்துக்கு 65 துடிப்பு என்று காட்டினாலும் இதயம் கடிகார முள் போல ஒரே சீராக அடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 900 மில்லிவிநாடி, பிறகு 940, 910, 960 என்று இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். இந்த மாற்றத்தின் அளவுதான் எச்.ஆர்.வி. (ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி). மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். இதில் பெரும்பங்கு, இதயத்துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்புக்கு. உடல் நன்றாக ஓய்ந்திருந்தால் அந்த நரம்பின் கை ஓங்கி எண் ஏறும். காய்ச்சல், தூக்கக் குறைவு, மது, மனஉளைச்சல், கடும் பயிற்சி இவற்றில் எது வந்தாலும் எண் இறங்கும்.

முதல் வேலை, உங்கள் கருவி எந்தக் கணக்கைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்வது. ஆப்பிள் வாட்ச் காட்டுவது எஸ்.டி.என்.என்.; கார்மின், ஊரா, வூப், ஃபிட்பிட் காட்டுவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. இரண்டுமே மில்லிவிநாடியில் வரும் என்பதால் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்குகள். எஸ்.டி.என்.என். என்பது எல்லா இடைவெளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது. ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். வாட்சை மாற்றினால் பழைய எண்களை ஓரங்கட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடவும் வேண்டாம். வயது, மரபு, உடல்தகுதியைப் பொறுத்து ஆரோக்கியமான இருவருக்கு 25-ம் 90-ம் வரலாம்.

மேலே சொன்ன நான்கு இடைவெளிகளுக்கே ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.யைக் கணக்கிட்டுப் பாருங்கள். வித்தியாசங்கள் 40, 30, 50. வர்க்கங்கள் 1600, 900, 2500. கூட்டினால் 5000, மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 41 மில்லிவிநாடி. வர்க்கம் எடுப்பதால் ஒரே ஒரு பிழைகூடக் கணக்கைக் கவிழ்த்துவிடும். ஐந்து நிமிடத்தில் சென்சார் ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டாலும், இரண்டு இடைவெளிகள் ஒட்டிக்கொண்டு 1,850 ஆகிவிடும். ஆப் அதை வடிகட்டாவிட்டால் 40 வரவேண்டிய இடத்தில் 80-க்கு மேல் காட்டும். திடீரென்று எண் இரட்டிப்பானால் மகிழ்ச்சி அடையும் முன் பட்டை தளர்வாக இருந்ததா, கை அசைந்ததா, விரல்கள் குளிர்ந்திருந்தனவா என்று பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நழுவாத அளவு இறுக்கமாகக் கட்டுவது நல்லது. துல்லியம் வேண்டுமென்றால் இதயத்தின் மின்துடிப்பையே படிக்கும் மார்புப் பட்டைதான் சிறந்தது.

தூக்கத்தில் கருவி தானாக எடுக்கும் அளவு பெரும்பாலோருக்குப் போதும். காலையில் நீங்களே எடுப்பதானால், எழுந்து சிறுநீர் கழித்தபின், காபி குடிக்கும் முன், போனைப் பார்க்கும் முன் எடுங்கள். தினமும் ஒரே நிலை: உட்கார்ந்தால் எப்போதும் உட்கார்ந்தே. ஒரு நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் அளவெடுங்கள். மூச்சை அதன் போக்கில் விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக இழுத்துவிட்டால் எண் எகிறும். அது அந்த மூச்சுப் பயிற்சியின் விளைவு, உடல் தேறியதற்கான அடையாளமல்ல. பகலில் ஆங்காங்கே பதிவாகும் ஒற்றை அளவுகளுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

குறைந்தது மூன்று வாரம் சேருங்கள். பிறகு சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) ஒரு ஷீட்டில் கணக்கிடுங்கள். சராசரி 48, விலக்கம் 8 என்றால், பாதி விலக்கத்தைக் கூட்டிக் கழித்து 44 முதல் 52 வரை உங்கள் வழக்கமான வரம்பாக வைத்துக்கொள்ளலாம். அதோடு ஒப்பிட வேண்டியது கடைசி ஏழு நாள் சராசரியை. ஒரு நாள் 35 வந்தால் விட்டுவிடுங்கள். முந்தைய இரவு தாமதமாக வயிறு நிறையச் சாப்பிட்டதே காரணமாக இருக்கலாம். வாரச் சராசரியே 44-க்குக் கீழே போனால் பயிற்சியைக் குறைக்கலாம். மாதவிடாய் வருபவர்களில் பலருக்குக் கருமுட்டை வெளியான பிறகான நாட்களில் எண் இயல்பாகவே தணியும். சென்ற மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

ஓய்வு நிலைத் துடிப்பையும் எப்போதும் சேர்த்தே பாருங்கள். எச்.ஆர்.வி. இறங்கி, துடிப்பு வழக்கத்தைவிட ஐந்தாறு கூடியிருந்தால் நோய் வரும் முன்னோட்டமாக இருக்கலாம். அன்று கடும் ஓட்டம் வேண்டாம். துடிப்பு மாறாமல் எச்.ஆர்.வி. மட்டும் லேசாகக் குறைந்திருந்தால் வழக்கமான நடை, இலகுவான பயிற்சி எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

எண் கூடினால் எல்லாம் நல்லது என்று நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பில் இடைவெளிகள் கன்னாபின்னாவென்று சிதறும். ஆப் அதை அபாரமான எச்.ஆர்.வி. என்று காட்டக்கூடும். இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தும் எண்ணை உயர்த்தலாம். வழக்கத்தைவிட வெகு உயர்ந்த எண் நாள்கணக்கில் நீடித்து, படபடப்போ மூச்சுத் திணறலோ தலைச்சுற்றலோ கூடவே இருந்தால் மருத்துவரிடம் சென்று ஈ.சி.ஜி. எடுங்கள். மார்புவலி, மயக்கம் என்றால் வாட்சைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.