வடசென்னை மொட்டை மாடியில் நடனம் அமைப்பது எப்படி?

மேடைக்கென்று அமைத்த உருப்படியை அப்படியே மாடிக்கு ஏற்றாதீர்கள். துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, தூரத்தில் தெரியும் துறைமுகக் கிரேன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து அடவுகளை, அதாவது பரதத்தின் அடிப்படை அசைவுகளை, யோசியுங்கள்.

முதலில் தளம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ்தான்: மரச்சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது. கீழ் அறையில் அண்ணாந்து பார்த்து மரச்சட்டம் தெரிந்தால், வேறு மாடி தேடுங்கள். ஆறு பேர் ஒரே தாளத்தில் குதிப்பதை அது தாங்கும் என்று நம்பக்கூடாது. கான்கிரீட் மாடியிலும் 25 பேருக்கு மேல் வேண்டாம். கைப்பிடிச் சுவரிலிருந்து 5 அடி தள்ளிச் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஆடுபவர் அதைத் தாண்டக்கூடாது.

பலர் தவறுவது திசையில்தான். பார்ப்பவர்களைக் கிழக்கே உட்காரவைத்தால் மாலை வெயில் அவர்கள் கண்ணில் அடிக்கும், ஆடுபவர் வெறும் நிழலாகத் தெரிவார். மேற்கே உட்காரவைத்தால் ஆடுபவருக்குக் கண் கூசும், அபிநயம் போச்சு. போதாததற்குக் கடற்காற்று முதுகில் அடித்து மேலாக்கை முகத்தில் போடும். தை, மாசியில் ஆட்களைத் தெற்கே உட்காரவையுங்கள். சித்திரை முதல் ஆவணி வரை சூரியன் வடமேற்கில் சாயும், அப்போது வடக்கே. பக்கவாட்டு வெளிச்சத்தில் அரைமண்டியின் (முழங்கால் மடித்துப் பாதி அமர்ந்த நிலை) கோடு அவ்வளவு தெளிவாக விழும்! அஸ்தமனத்துக்கு 25 நிமிடம் முன் தொடங்கி, 20 நிமிடத்தில் முடியுங்கள். மேலாக்கை நான்கு இடத்தில் பின் குத்துங்கள்.

தரை நான்கு மணிக்கும் கொதிக்கும். தண்ணீர் ஊற்றித் தேய்த்து, முழுக்க உலரவிடுங்கள். மழைக்காலப் பாசி ஒரு கைப்பிடி இருந்தாலும் கால் வழுக்கும். ஜமக்காளம் விரிக்கவே வேண்டாம், காலடியில் நகரும். கான்கிரீட் அதிர்வை வாங்காது என்பதால் ஒத்திகையில் தட்டடவை (பாதத்தைத் தரையில் தட்டும் அடவு) பாதி அழுத்தத்தில் போடுங்கள், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும்.

இசைக்கு ஸ்பீக்கரைவிடப் பறையே என் தேர்வு. ஆனால் கடற்கரை ஈரத்தில் தோல் சீக்கிரம் தளரும். காய்ச்சும் தீயைத் தெருவில் மூட்டுங்கள், மாடியில் கூடாது. ஸ்பீக்கர்தான் என்றால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடங்களைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே ஸ்பீக்கரை நினைக்கவே வேண்டாம்.

பின்சேர்க்கை: கீழ்வீட்டுக்காரருக்கு ஒத்திகை நாட்களையும் முன்கூட்டியே சொல்லுங்கள். சலங்கைச் சத்தத்தைவிட, தட்டும் சத்தம்தான் அவர்கள் தலைக்குமேல் இறங்கும்.