கணினியில் கோப்பைத் தேடி அலுத்துவிட்டதா?

விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பின் பெயரில் பாதிதான் நினைவிருக்கிறதா? 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். அளவில் மிகச் சிறியது. நீங்கள் தட்டத் தட்டவே பட்டியல் சுருங்கி, தேடிய கோப்பு கண்ணில் படும். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்காமல், வட்டு ஏற்கெனவே வைத்திருக்கும் கோப்புப் பட்டியலையே படித்துக்கொள்வதால்தான் இந்த வேகம். பெயரை வைத்துத் தேடத்தான் இது; கோப்புக்குள் இருக்கும் வாசகத்தைத் தேட ஏற்றதல்ல. இன்னொரு பயனும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: தேடல் மெனுவில் 'வீடியோ'வைத் தேர்ந்தெடுத்து, அளவு என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய வீடியோக்கள் வரிசையாக மேலே வந்து நிற்கும்.

வட்டு முழுவதையும் அலச 'வின்டிர்ஸ்டாட்' (WinDirStat) என்ற மென்பொருள் நல்லது. பெரிய கோப்புகளைப் பெரிய வண்ணக் கட்டங்களாகக் காட்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

ஜிப் போன்ற சுருக்கிய கோப்புகளைத் திறக்க '7-ஜிப்' (7-Zip) என்ற மென்பொருள் போதும். ரார் (RAR) என்ற வகைச் சுருக்கிய கோப்பையும் திறக்கும், ஆனால் உருவாக்காது. அலுவலகத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

மூன்றையும் அவற்றை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். வேறு தளங்களில் வேண்டாத மென்பொருள்களும் சேர்ந்து வரக்கூடும்.