ஜாஸோடு கவிதை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1957-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில், கிரீன் தெருவில் இருந்த 'தி செல்லர்' என்ற நிலவறை கிளப்பில் கென்னத் ரெக்ஸ்ராத்தும் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் ஜாஸ் குழுவோடு நின்று கவிதை படித்தார்கள். ஃபேன்டசி நிறுவனம் அதை இசைத்தட்டாகவும் வெளியிட்டது. ஆனால் அந்தக் காலத்து ஜாஸ் கவிதை முயற்சிகளில் பெரும்பாலானவை சகிக்க முடியாதவை என்று பிற்காலத்தில் ஃபெர்லிங்கெட்டியே சொல்லியிருக்கிறார். வாத்தியக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருப்பார்கள். அதையும் மீறிக் கேட்க வேண்டுமே என்று கவிஞன் கத்துவான். கடைசியில் தெருமுனையில் மீன் கூவி விற்பவன் குரல் போல ஆகிவிடும் என்பது அவருடைய குறை.

அவர் சொன்ன குறை இன்றைய மேடைகளிலும் அப்படியே இருக்கிறது. காரணம் கவிஞனின் குரல் வளத்திலோ குழுவின் திறமையிலோ இல்லை. இரண்டு பேரும் தனித்தனியே தயாராகி வந்து, மேடையில் ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி வைக்கிறார்கள். 1958-ல் ரெக்ஸ்ராத் இதைப் பற்றி எழுதியபோது முதலில் மறுத்ததே பின்னணி இசை என்ற எண்ணத்தைத்தான். குரல் ஸ்வரம் பாடாவிட்டாலும் அதுவும் குழுவில் ஒரு வாத்தியம். அதற்கென்று தனி ஆவர்த்தனம் உண்டு, சேர்ந்து ஒலிக்கும் இடம் உண்டு, வாயை மூடிக்கொண்டு மற்றவர்களுக்கு விட வேண்டிய இடமும் உண்டு. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

பொருந்தாத கவிதையை எடுப்பது

தன் கவிதைகளில் எது சிறந்ததோ அதையே மேடைக்கு எடுத்துப் போகத் தோன்றும். அச்சில் சிறந்த கவிதை பல நேரம் இதற்கு உதவாது. அடுக்கடுக்காகப் படிமம் வைத்து இறுக்கமாகக் கட்டிய கவிதையைக் கேட்பவர் திரும்பிப் போய்ப் படிக்க முடியாது. அவர் ஒரு படிமத்தைப் பிடிப்பதற்குள் மூன்று போய்விடும். கவிதையை முன்பு பார்த்திராத ஒருவரிடம் இசையில்லாமல் ஒரே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். நடந்தது என்ன, பேசுபவர் யார் என்று அவர் சொல்ல முடிந்தால் எடுக்கலாம். முடியாவிட்டால் இசை சேர்ந்தபின் இன்னும் குழம்பும்.

ஃபெர்லிங்கெட்டி இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தார். 1958-ல் வந்த அவருடைய தொகுப்பில் ஏழு கவிதைகளை மட்டும் தனிப் பகுதியாக வைத்து, இவை ஜாஸோடு சொல்வதற்காகவே எழுதப்பட்டவை, அச்சுக்காக அல்ல என்று குறிப்பு எழுதினார். தொகுப்பின் மற்ற கவிதைகளை அப்படிச் சொல்லவில்லை.

சந்தம் மாறாத மரபுக் கவிதையில் வேறு சிக்கல். எண்சீர் விருத்தத்துக்கு அதற்கே உரிய நடை இருக்கிறது. ஜாஸின் ஸ்விங் தாளமோ ஒவ்வொரு தட்டையும் நீளம், குட்டை என்று சமமில்லாமல் பிரிக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்று மற்றொன்றை இழுக்கும். நான்காவது அடிக்குள் படிப்பவர் தடுமாறுவார், அல்லது குழு விருத்தத்தின் நடைக்கு இறங்கி வந்து ஸ்விங்கை இழந்துவிடும். மூச்சின் அளவுக்கு நீளும், ஒரே சொல்லுக்குத் திரும்பத் திரும்ப வரும் வரிகளே நன்றாக நிற்கும். ஆலன் கின்ஸ்பெர்க் 'ஹவ்ல்' கவிதையின் முதல் பகுதியில் ஒரே சொல்லில் வரிகளைத் தொடங்கிக்கொண்டே போகிறார். அந்தச் சொல்லில் காலை ஊன்றி, அங்கிருந்து கிளம்பி, மறுபடி அங்கேயே வந்து சேர்வதாக அவரே விளக்கியிருக்கிறார். லெஸ்டர் யங்கின் சாக்சஃபோன் வாசிப்பு அந்த வடிவத்துக்குத் தூண்டுதல் என்றும் சொன்னார். தமிழில் வரி தொடக்கத்து மோனையும், திரும்பி வரும் ஒரு விளிச்சொல்லும் இதே வேலையைச் செய்யும்.

இடமே விடாமல் படிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். இசை ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றத்தில் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை நிறுத்தாமல் படித்துத் தள்ளுவார்கள்.

12 பார் ப்ளூஸை எடுத்துக்கொள்வோம். பார் என்பது தாளத்தின் ஓர் அளவு; 12 பார் சேர்ந்த ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும். ஒரு பாருக்கு 4 தட்டு. ஒரு சுற்றுக்கு 48 தட்டு. நிமிடத்துக்கு 100 தட்டு என்ற நடையில் ஒரு சுற்று ஏறத்தாழ 29 நொடி. பாடும் ப்ளூஸில் இந்தச் சுற்று மூன்று வரிகளாகப் பிரியும்: முதல் வரி, அதே வரி மறுபடி, பிறகு பதில் வரி. ஒவ்வொரு வரிக்கும் 4 பார், அதாவது 9.6 நொடி. ஆனால் பாடகர் அந்த நான்கு பாரையும் நிரப்புவதில்லை. இரண்டரை பார் அளவில் வரியை முடித்துவிடுவார்; மீதி ஒன்றரை பார் கிட்டாருக்கோ பியானோவுக்கோ ஊதுவாத்தியத்துக்கோ உரியது. அங்கே வருவதுதான் பதில். நம் கவியரங்கத்திலும் ஒரு வரியை இரண்டு முறை சொல்லும் வழக்கம் உண்டு. அங்கே அது கைதட்டலுக்கான இடம். ப்ளூஸில் இரண்டாம் முறை வரும்போது கீழே ஒலிக்கும் சுருதிக்கூட்டு (கார்டு) மாறியிருக்கும். அதே சொற்களுக்கு வேறு கனம் வந்திருக்கும்.

இதைக் கவிதைக்குப் பொருத்திப் பாருங்கள். இரண்டரை பார் என்பது 6 நொடி. நிதானமாகச் சொன்னால் 6 நொடியில் தமிழில் எட்டு, ஒன்பது சொல் போகும். மூன்று வரிக்கு ஏறத்தாழ 27 சொல். ஆக 160 சொல் கொண்ட கவிதைக்கு 6 சுற்று, கிட்டத்தட்ட 2 நிமிடம் 53 நொடி தேவை. தொடக்கத்தில் குழு மட்டும் வாசிக்க ஒரு சுற்று, நடுவில் தனி வாசிப்புக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று சேர்த்தால் 9 சுற்று, ஏறத்தாழ 4 நிமிடம் 20 நொடி. வீட்டில் தனியாகப் படித்தபோது ஒன்றேமுக்கால் நிமிடத்தில் முடிந்த கவிதை இது. இந்தக் கணக்கைப் போடாமல் வந்தவர்தான் மேடையில் அவசரப்படுகிறார்.

இடம் விடுவது எப்படி என்று காதால் கற்றுக்கொள்ள, எழுத்தாளர் ஜாக் கெரவாக் டெனர் சாக்சஃபோன் கலைஞர்களான ஆல் கோன், ஜூட் சிம்ஸ் இருவரோடு பதிவு செய்து 1959-ல் வெளிவந்த இசைத்தட்டைக் கேளுங்கள். கெரவாக் ஒரு குறுங்கவிதை சொல்லி நிறுத்துகிறார், சாக்ஸ் ஒரு சிறு பதில் சொல்கிறது, அடுத்த கவிதை. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த முறையிலேயே தொடங்குவது நல்லது. எட்டுப் பத்துக் குறுங்கவிதைகளும் ஒரே ஒரு வாத்தியமும் போதும்.

ஒவ்வொரு தட்டிலும் சொல்லை வைப்பது

தாளம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு இது. தட்டுக்கு ஒரு சொல் என்று ஒட்டிக்கொண்டு போனால் நாலு வரிக்குள் விளம்பரப் பாட்டு போல ஆகிவிடும். பேச்சுக்கு அதற்கான வேகமும் தயக்கமும் உண்டு. அவை தாளத்துக்கு மேலே மிதக்கட்டும். சுற்றில் இரண்டு இடத்தை மட்டும் உறுதியாகப் பிடித்தால் போதும்: சுற்று தொடங்கும் முதல் பார், பதில் வரி தொடங்கும் ஒன்பதாவது பார். நடுவில் முந்தினாலும் பிந்தினாலும் கெட்டுப்போவதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பிந்துவதுதான் அழகு.

குழுவின் சுருதியோடு குரல் தானாக ஒட்டிக்கொண்டு ராகம் போட்டு இழுப்பதும் அடிக்கடி நடக்கும். பாதிப் பேச்சு, பாதிப் பாட்டு என்ற நிலையில் கேட்பவர் சொல்லை விட்டுவிட்டு மெட்டைத் தேட ஆரம்பிப்பார். வரி முடிவில் குரலை ஸ்வரத்தில் நிறுத்தாமல், பேச்சில் இறங்குவது போலவே இறக்குங்கள்.

நடையைப் பொறுத்தவரை நிமிடத்துக்கு 80 முதல் 120 தட்டு வரை வசதியான எல்லை. 160-ஐத் தாண்டினால் டிரம்ஸ்காரர் பலமாக அடிப்பார், கவிஞர் கத்துவார்.

திட்டமிடாததே பீட் மரபு என்று நம்புவது

பீட் என்பது கெரவாக், கின்ஸ்பெர்க் போன்ற 1950-களின் அமெரிக்க எழுத்தாளர்களின் கூட்டம். ஒத்திகை பார்த்தால் தன்னியல்பு போய்விடும் என்று சொல்லிக்கொண்டு நேராக மேடை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கெரவாக்கைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அவருடைய 'மெக்சிகோ சிட்டி ப்ளூஸ்' கவிதை நூல் 1959-ல் வந்தது, 242 சுற்றுகள். ஒரு சுற்று என்பது அவர் கையில் இருந்த குறிப்பேட்டின் ஒரு பக்கம், ஜாஸ் கலைஞருக்கு பார்களின் எண்ணிக்கை எப்படி எல்லையோ அப்படி. சட்டகம் முதலில், அதற்குள்தான் சுதந்திரம். 'ஹவ்ல்' கவிதையோ பல முறை திருத்தப்பட்டது. அதன் வரைவுகள் அச்சிலேயே கிடைக்கின்றன.

கவிஞர் கென்னத் பேச்சன் செய்தது இன்னும் கச்சிதம். அவர் கவிதைகளைப் படித்துப் பதிவு செய்தார். இசையமைப்பாளர் ஆலின் ஃபெர்குசன் அந்தப் பதிவைக் கேட்டு, பேச்சனின் நிறுத்தங்களுக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி சேம்பர் ஜாஸ் செக்ஸ்டெட் குழுவுக்கு இசை எழுதினார். இன்று கைப்பேசி இருக்கும்போது இதைவிட எளிய வழி இல்லை. ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் குரல் பதிவைக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள்.

குழுவுக்குக் கொடுக்கும் தாளில் கவிதையை மட்டும் அச்சடித்துக் கொடுப்பது அரைகுறை வேலை. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1961-ல் வெளியிட்ட 'ஆஸ்க் யுவர் மாமா' நூலில் கவிதைக்கு இணையாக வலது ஓரத்தில் இசைக் குறிப்புகளை அச்சிட்டார். எங்கே எந்த வகை இசை வர வேண்டும், எங்கே அமைதி என்று வாசிப்பவருக்குத் தெரியும். அதே போல இடப்பக்கம் கவிதை, வலப்பக்கம் குறிப்பு என்று இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். "பேஸ் மட்டும்", "இங்கே நிறுத்தம்", "சாக்ஸ் ஒரு சுற்று" போன்ற நான்கைந்து குறிப்புகள் போதும். கவிஞர் மறுபடி நுழையும் வரியின் முதல் மூன்று சொல்லைத் தடித்த எழுத்தில் வையுங்கள். வாத்தியக்காரர் அதைத்தான் தேடுவார்.

ஹியூஸிடம் கற்க இன்னொன்றும் உண்டு. 1958-ல் பதிவான 'வியரி ப்ளூஸ்' இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் லெனர்ட் ஃபெதர் அமைத்த பழைய பாணிக் குழு, மறுபக்கத்தில் நவீன ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ். ஒரே குரலுக்கு இரண்டு விதமான இசை அடித்தளம். எல்லாக் கவிதைக்கும் ஒரே நடை, ஒரே வாத்தியச் சேர்க்கை என்று வைத்தால் மூன்றாவது கவிதையில் கூட்டம் அலுத்துவிடும்.

வரலாற்றில் நேரும் பிழைகள்

நிகழ்ச்சி அறிமுகங்களில் தவறாமல் வரும் சிலவற்றை மட்டும் சொல்லலாம். 1955 அக்டோபர் 7 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் சிக்ஸ் காலரி என்ற கலைக்கூடத்தில் 'ஹவ்ல்' முதன்முதலாக மேடையில் படிக்கப்பட்டபோது ஜாஸ் குழு எதுவும் இல்லை. கெரவாக்கும் அன்று படிக்கவில்லை, மதுவுக்குக் காசு வசூலித்துக்கொண்டும் உற்சாகக் குரல் கொடுத்துக்கொண்டும் இருந்தார். ஜாஸ் கவிதையை வெள்ளை இளைஞர்கள் 1957-ல் கண்டுபிடித்ததாகச் சொல்வது அதைவிடப் பெரிய பிழை. ஹியூஸின் ப்ளூஸ் கவிதைத் தொகுப்பு 1926-லேயே வந்துவிட்டது. கறுப்பினக் கவிஞர்களான பாப் காஃப்மனும் டெட் ஜோன்ஸும் அமிரி பராகாவும் இல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது. செல்லரில் 1956-லேயே இசைக்குழுவோடு படிக்கத் தொடங்கிய பெண் கவிஞர் ரூத் வைஸின் பெயரும் பல பட்டியல்களில் விடுபட்டுப்போகிறது.

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பாங்கோ என்ற சிறு இரட்டை மேளம் மூன்றையும் கொண்டு மேடையை அலங்கரிப்பதையும் விட்டுவிடலாம். 'பீட்னிக்' என்பது ஹெர்ப் கேன் என்ற பத்திரிகையாளர் 1958 ஏப்ரலில், ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் பெயரை ஒட்டி உருவாக்கிய கேலிச்சொல். அந்தக் கவிஞர்கள் அதை விரும்பவில்லை. பாங்கோவின் கூர்மையான அடி வல்லின எழுத்துகளின் மேலேயே விழுந்து சொல்லை உடைக்கும் என்பது இன்னொரு காரணம்.

ஒலியில் போகும் வரிகள்

டெனர் சாக்ஸின் கீழ்ப்பகுதி ஆண் குரலின் எல்லையிலேயே ஒலிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் தோற்பது குரல். சிம்பலின் ஓசையோ மெய்யெழுத்துகள் வாழும் மேல் அலைவரிசையை மூடிவிடும். கேட்பவருக்கு உயிரொலி மட்டும் காதில் விழும். ஆகவே குரல் ஒலிக்கும்போது டிரம்ஸுக்குக் குச்சி வேண்டாம், பிரஷ் போதும். சாக்ஸ் வரிகளுக்கு இடையில் வரட்டும். ட்ரம்பெட் இருந்தால் மியூட் (ஒலியடக்கி) போட்டு வாசிக்கட்டும். பியானோ கலைஞரின் இரு கையும் ஓயாமல் ஓடினால் சொல்லுக்கு இடமிருக்காது. குரலுக்கு மிக நல்ல துணை, தாழ்ந்த ஒலியுள்ள பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸ். தாளத்தையும் சுருதியையும் தாங்கும், சொல்லை மறைக்காது.

மைக்கை வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். நேராகப் பேசினால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி வெடிக்கும். 5 செ.மீ.க்கும் கிட்டே போனால் குரலில் அடிக்கனம் ஏறி பேஸோடு கலந்துவிடும்; குரல் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது, மானிட்டர் (மேடையில் இருப்பவர்கள் கேட்க வைக்கும் ஒலிபெருக்கி) அலறும். முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் என்றால் மானிட்டரை மைக்கின் நேர் பின்னால் வையுங்கள். அந்தத் திசையில்தான் மைக் மிகக் குறைவாகக் கேட்கும். தாள் கையில் இருந்தால் சரசரக்கும். ஸ்டாண்டில், மைக்குக்குக் கீழே, முகத்தை மறைக்காத உயரத்தில் இருக்கட்டும்.

முடிக்கத் தெரியாமல் முடிப்பது

கவிதை சுற்றின் நடுவில் முடிந்துவிடும். குழுவுக்குத் தெரியாது, வாசித்துக்கொண்டே போவார்கள். கவிஞர் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு நிற்பார். இதற்கு இரண்டு வழி. ஒன்று, கடைசி வரிகளுக்கு முன்பே குழுவை 2 அல்லது 4 பார் அளவுள்ள ஒரு சிறு பகுதிக்குக் கொண்டுவந்து அதையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வது. அதில் எந்த இடத்திலும் நிறுத்தலாம். மற்றொன்று, கடைசி வரியின் முதல் சொல்லிலேயே எல்லோரும் நிறுத்திவிட, வரியை அமைதியில் சொல்வது. எதைத் தேர்ந்தாலும் சைகை கொடுப்பவர் ஒருவராக இருக்க வேண்டும், அவர் பேஸ் கலைஞராக இருந்தால் நல்லது. கவிஞரின் கண் தாளில் இருக்கும். பேஸ்காரரின் கண் அவர் மீது இருக்க முடியும். கடைசி ஒத்திகையில் முடிவை மட்டும் தனியாக ஐந்து முறை செய்து பாருங்கள். கைப்பேசியைக் கடைசி வரிசை நாற்காலியில் வைத்து முழுவதையும் பதிவு செய்து, கவிதைத் தாளைப் பார்க்காமல் கேளுங்கள். எந்தச் சொல் காதில் விழவில்லையோ, அங்கே வாசித்த வாத்தியத்தை எடுத்துவிடுங்கள்.