தலையாட்டுவதை விட்டேன்

நாங்கள் தங்கச்சிமடம். போன கோடையில் ஒன்றரை வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு. "ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுங்கம்மா" என்றார் டாக்டர்; தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் அந்த உப்பு-சர்க்கரைப் பொடிப் பாக்கெட்டை முழுதாக ஒரே டம்ளர் தண்ணீரில் கொட்டினேன். அது 1 லிட்டர் தண்ணீருக்கானது! உப்புக் கரித்ததால் பிள்ளை துப்பிவிட்டாள், நல்லவேளை.

மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு போனேன்: எத்தனை தடவை போனாள், கடைசியாக எப்போது ஒண்ணுக்கு இருந்தாள். டாக்டர் முதலில் கேட்டதே ஒண்ணுக்குக் கணக்கைத்தான். உடம்பில் நீர் வற்றுகிறதா என்று அதில் தெரியுமாம்.

அப்புறம், "எனக்குப் புரிந்ததைச் சொல்றேன் சார், சரியா பாருங்க" என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். போக்கு நின்றதும், அவர் கூடவே கொடுத்த ஜிங்க் மருந்தை நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். "இல்லம்மா, 14 நாளும் கொடுக்கணும்" என்று திருத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தாளைத் தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன்.